எலிக்கும் போதாத வெறும் சோறு! தெரியுமா?

வெறும் சோறு வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்குமா? குன்னூரில் இதை எலிகளிடமே கேட்டுப் பார்த்துவிட்டார்கள், தெரியுமா? 1918-இல் அங்கே, பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். பின்னர் அவர் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாட்டைத் தனித்தனி எலிக்கூட்டங்களுக்குப் போட்டார். ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை, பழம் என்று சீக்கியர் சாப்பாடு கிடைத்த எலிகள் கொழுகொழு! கடைசி இடம்? சோற்றை மலையாகக் குவித்த நம் சென்னை மாகாணத்துத் தட்டுக்கு! (அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு ஹைதராபாத் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.)

உடனே அரிசியைத் திட்டாதீர்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும், தெரியுமா? தீட்டிய பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி ஆட்டம் போட்டபோது, புழுங்கலரிசிக்காரர்கள் பெரும்பாலும் தப்பியது இப்படித்தான்!

சரி, உங்கள் வீட்டுப் பெண்களின் தட்டுக்கு எத்தனை மார்க்? ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உணவை 10 வகையாகப் பிரித்திருக்கிறது. வகைக்கு ஒரு மார்க்; ஒரு நாளில் 5 வகையாவது சேர்ந்தால் பாஸ்! காலையில் கஞ்சி, மதியம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, ராத்திரி அதே குழம்பு. மூன்று வேளைக்கும் மொத்தம் 2 மார்க்தான்! ஊறுகாயையும் சேர்த்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? 15 கிராமுக்குக் குறைந்தால் கணக்கில் வராது, தொட்டுக்கொள்வதெல்லாம் செல்லாது. ஒரு டம்ளர் தயிர், 3. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 4. முருங்கைக்கீரைப் பொரியல், 5. கொல்லைப் பப்பாளியில் பழுத்ததாக ஒரு கீற்று, 6! கடைக்கே போகாமல் பாதிக்கு மேல் மார்க் வந்துவிட்டது பாருங்கள்.

தானியம் என்றால் அரிசி மட்டும்தானா? கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில்? சுமார் 10! அந்தக் கேழ்வரகில் கிண்டிய களியைத்தான் ஏழைச் சாப்பாடு என்று ஓரங்கட்டினோம். நெத்திலியும் லேசுப்பட்டதில்லை, முள்ளோடு மென்றால் அதுவும் சுண்ணாம்புச் சுரங்கம்.

கீரையிலுள்ள கரோட்டின் நன்றாக உடம்பில் சேர எண்ணெய் வேண்டும், தெரியுமா? ஆகவே தாளிப்பில் கஞ்சத்தனம் கூடாது. இரும்புச்சத்து சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணைக்கு வர வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் பொறுங்கள், டீக்கடை எங்கேயும் ஓடிவிடாது!