எந்த லீ நா?

தம்பி தங்கைகளே, அடுத்த முறை சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ போனால் கடைப் பலகைகளை அண்ணாந்து பாருங்கள். ரோமன் எழுத்தில் 'லிம்' என்று இருக்கும். பக்கத்திலேயே அதன் சீன எழுத்தும் இருக்கும். உற்றுப் பாருங்கள்: இரண்டு மரங்கள் தோளோடு தோள் நிற்கிற மாதிரி தெரிகிறதா? அதேதான்! 'மரம்' என்ற எழுத்தை இரண்டு தடவை போட்டால் 'காடு'. நம் பால்மரக் காட்டை இரண்டே மரத்தில் அடக்கிவிட்டார்கள்.

இந்த எழுத்தை ஹொக்கியன் பேசுபவர் 'லிம்' என்பார். கான்டனீஸ்காரர் 'லாம்' என்பார். மாண்டரினில் 'லின்'. சீனர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். 2008, 2012 ஒலிம்பிக் பூப்பந்து இறுதி ஆட்டங்களில் நம் லீ சோங் வெய்யை வென்ற லின் டானின் 'லின்' இருக்கிறதே, அதுவும் இந்தக் கடைக்காரரின் 'லிம்'மும் ஒரே எழுத்து!

நம் கெடாவிலும் ஒருவர் இருக்கிறார். அலோர் ஸ்டாரில் 1987-இல் பிறந்த இரட்டையர் ஆட்டக்காரர் டான் பூன் ஹியோங். மாண்டரின் செய்தியில் அவரே 'சென் வென்ஹொங்' ஆகிவிடுவார். ஆள் ஒருவர், எழுத்தும் மாறவில்லை. ஓசைதான் வேறு.

இப்போது தலைகீழாகப் பார்ப்போம். லீ நா என்பவர் யார்?

"டென்னிஸ் வீராங்கனை!" என்பீர்கள். சரி. 2011-இல் பிரெஞ்சு ஓப்பன், 2014-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றவர். ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் முக்குளிப்பில் தங்கம் வென்றவரும் லீ நா. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வாள்வீச்சுக் குழுவில் தங்கம் வென்றவரும் லீ நா. மூன்று பேர், மூன்று விளையாட்டு, ஒரே பெயர். சீன எழுத்தில் எழுதினாலும் அதே இரண்டு எழுத்துகள்தான். அந்த 'லீ'யை எழுதிப் பாருங்கள்: மேலே மரம், கீழே பிள்ளை, மொத்தம் ஏழு கோடு. லீ சோங் வெய்யின் 'லீ'யும் இதுதான்.

ஏன் இப்படி? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாட்டில் 100 குடும்பப் பெயர், பிள்ளைக்கு வைக்கும் பெயர் 100 மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 × 100 = 10,000 முழுப்பெயர். சீனாவில் ஏறக்குறைய 1,400 மில்லியன் பேர். பங்கு போட்டால் ஒரு பெயருக்கு 140,000 பேர்! உண்மையில் பெயர்கள் இதைவிட நிறைய உண்டு. ஆனால் பங்கு சமமாக விழுவதில்லை. 'லீ' குடும்பப் பெயர் மட்டும் சீனாவில் 100 மில்லியனுக்கு மேற்பட்டவர்களுக்கு. எல்லாருக்கும் பிடித்த பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் நெரிசல் வராமல் என்ன செய்யும்?

நம் வகுப்பிலும் இரண்டு கவிதா இருந்தால் ஆசிரியர் என்ன செய்கிறார்? அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறார். அடையாளக் கார்டிலும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று போட்டு அப்பா பெயர் வருகிறது. அதுவும் ஒன்றாக இருந்தால்? அதற்குத்தான் 12 எண்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். '02' என்றால் கெடா. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பெயர் குழப்பினாலும் எண் குழப்பாது.

செய்து பாருங்கள்: ஊரில் 'லிம்', 'லாம்', 'லின்' என்ற பலகைகளைத் தேடுங்கள். மூன்றிலும் அந்த இரட்டை மரம் இருக்கிறதா? இருந்தால், ரோமன் எழுத்து எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துத் தாத்தா எந்த மொழி பேசிக்கொண்டு கப்பலேறி வந்தார் என்பதற்கு அதுவே ஒரு தடயம். பலகை எழுதியவருக்கே தெரியாமல் தாத்தாவின் குரல் அதில் பதிந்திருக்கலாம்!