பூசணம் பூத்த கடலையும் ஈரலின் கேடும்

ஈரலைக் கெடுப்பது மதுபானம் ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். மது பெருங்கேடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மதுவைத் தொடாத குடும்பத்தாரின் ஈரலையும் தாக்கவல்ல நஞ்சு ஒன்று, நமது களத்திலும் கிடங்கிலும் உண்டாகிறது. அதுபற்றி அங்கத்தினர்களுக்குச் சில கூற விரும்புகிறோம்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் விளைவித்த நஞ்சே காரணம் எனப் பின்னர் கண்டனர். அஃப்ளடாக்ஸின் என்பது அதன் பெயர். 1974இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தை உண்டோர் மஞ்சட்காமாலை கண்டனர். சுமார் 100 பேர் இறந்தனர்.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. பூசணத்தைத் துடைத்துவிட்டு உண்பதும் பயனற்றது. மாட்டுக்கு வைத்தாலோ, பாலின் வழியே குழந்தைகளைச் சேரும். சிறிது சிறிதாக நெடுங்காலம் உண்டால் ஈரலில் புற்றுநோய் உண்டாகவும் ஏதுவாகும்.

ஆகவே, பறித்த கடலையைக் காலந்தாழ்த்தாது, குலுக்கினால் பருப்பு கலகலக்கும் வரை உலர்த்துதல் வேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் வையாது கட்டைகளின்மேல் அடுக்குக. சொத்தையையும் நிறம் மாறியதையும் பொறுக்கிப் புதைத்துவிடுக, செக்கிற்கு அனுப்பற்க. கடையில் வாங்கும் நெசவாளர் குடும்பத்தாரும் மலிவென்று சொத்தைக் கடலையை வாங்கலாகாது.

கழிப்பதால் வரும் நஷ்டம் சில படிகளே. அந்நஷ்டத்திற்கு அஞ்சி அயலார் இல்லத்தில் நஞ்சைச் சேர்ப்பது கூட்டுறவுக்கு அழகன்று.