ஃபைல் கண்ணெதிரே இருக்கு... ஆனா 'இல்லை'ங்குது கம்ப்யூட்டர்! - வீட்டுக் கருவிகளுக்குப் பின்னால் ஒரு 'லைப்ரரி' தலைவலி

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்டால், லேப்டாப்பை மட்டும்தான் எண்ணுவீர்கள். ஆனால் வாஷிங் மெஷின், வைஃபை ரூட்டர், செட்-டாப் பாக்ஸ், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று எல்லாவற்றுக்குள்ளும் ஒரு குட்டி சிப் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓடும் புரோகிராமுக்குப் பெயர், எம்பெடட் சாஃப்ட்வேர்.

பெரும்பாலும் இதை அந்தக் குட்டி சிப்பிலேயே உருவாக்க முடியாது. சாதாரண கம்ப்யூட்டரில் எழுதி, 'கம்பைலர்' மூலம் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி ஏற்றுகிறார்கள். இந்த வேலைக்கு 'பில்டு' என்று பெயர். துறைக்குப் புதிதாக வருபவர்களை முதல் நாளே அழவைப்பதும் இதுதான்.

கம்பைலரை டவுன்லோடு செய்தாயிற்று. ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் இருக்கிறது. ஓடவிட்டால், 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்கிறது லினக்ஸ். அதாவது, அப்படி ஒரு ஃபைலே இல்லையாம்! மறுபடி டவுன்லோடு, மறுபடி அதே பதில். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடும் தாத்தா கதைதான். என்ன, இங்கே தொலைந்தது கண்ணாடி இல்லை, வேறொன்று.

எந்த புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. திரையில் எழுத்தைக் காட்டுவது, கணக்குப் போடுவது போன்றவற்றுக்கு, ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட 'லைப்ரரி'களைக் கடன் வாங்கும். கடையில் வாங்கிய சாம்பார் பொடி மாதிரி. சிப் நிறுவனங்கள் கொடுத்த பழைய கம்பைலர்கள் பல 32 பிட் வகை. இன்றைய லினக்ஸோ 64 பிட். கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொன்னது கம்பைலரை அல்ல. அதற்கான லைப்ரரிகளை மெமரிக்குக் கொண்டுவரும் 32 பிட் 'லோடர்' என்ற இன்னொரு ஃபைலை. அதன் பெயரையாவது சொல்லித் தொலைக்கலாம். சொல்லாது.

அனுபவசாலிகள் பதறுவதில்லை. முதலில் 'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுத்து அது 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்க்கிறார்கள். 32 என்றால் அதற்கான அடிப்படை லைப்ரரிகளை நிறுவுகிறார்கள். பிறகு 'எல்டிடி' என்ற கட்டளை, இன்னும் எதெது வேண்டும் என்று பட்டியலே போட்டுவிடும். எதற்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதோ, அதுதான் காணாமல் போன ஆள்.

அந்த ஆள் ஊரிலேயே இல்லை என்றால்? ஆர்ம் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட 10.3 தொகுப்பில், பிழை தேடும் புரோகிராமுக்கு 'என்கர்சஸ்' லைப்ரரியின் 5-ம் பதிப்பு வேண்டும். உபுண்டு 24.04-ல் இருப்பது 6-ம் பதிப்புதான். சிலர் 6-க்கே 5 என்று பெயர் சூட்டி ஏமாற்றிப் பார்ப்பார்கள். சில நேரம் ஓடவும் செய்யும். ஆனால் மஞ்சள்தூள் டப்பாவில் 'மிளகாய்த்தூள்' என்று எழுதி ஒட்டினால் குழம்பு காரமாகிவிடுமா? அந்த புரோகிராம் எப்போது, எங்கே கவிழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2019 ஜூனில், இனி 32 பிட் லைப்ரரிகளே கிடையாது என்று உபுண்டு அறிவித்தது. கேம் விளையாடுகிறவர்கள் பக்கமிருந்து வந்த எதிர்ப்பில், ஒரே வாரத்துக்குள் இறங்கி வந்து, தேவையானவற்றை மட்டும் வைத்திருப்பதாகச் சொன்னது.

இது இன்ஜினீயர்களின் தலைவலிதானே, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. 2014 ஏப்ரலில், 'ஓப்பன்எஸ்எஸ்எல்' லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. பாஸ்வேர்டுகளே கசியக்கூடிய ஓட்டை. இணையதளங்களோடு, சிஸ்கோ, ஜூனிபர் நிறுவனங்களின் சில நெட்வொர்க் கருவிகளும் அதில் சிக்கின. லைப்ரரி கருவிக்குள்ளேயே பொதிந்திருந்தால், சரிசெய்த லைப்ரரியோடு மொத்த சாஃப்ட்வேரையும் மறுபடி பில்டு செய்தாக வேண்டும். பத்து வருடத்துக்கு முன் விற்ற கருவி. அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அன்றைய கம்பைலர் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடாது என்றால், அந்த ஓட்டை அப்படியேதான் கிடக்கும், உங்கள் வீட்டு ஹாலில்.

அதனால்தான் விவரமான நிறுவனங்கள், கம்பைலர், லைப்ரரி என அத்தனையையும் ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி போட்டுப் பத்திரப்படுத்துகின்றன. இதற்கு 'டாக்கர்' உதவுகிறது. புது கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய உபுண்டுவின் சூழலை அது அமைத்துக்கொடுக்கும். 'பில்ட்ரூட்'டில் ஒரே கட்டளையில், தேவையான மூல கோடு முழுவதையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகின்றன. சாஃப்ட்வேருக்குள் என்னென்ன லைப்ரரி இருக்கிறது என்ற பட்டியலை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்டும் தர வேண்டும். அதற்கு, 2027-ல் விற்ற ரூட்டரின் சாஃப்ட்வேரை 2032-லும் பில்டு செய்ய முடிய வேண்டும்.