வராதவர் கணக்கு எங்கே?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டும் இலவசம், மாத்திரையும் இலவசம். சம்பளம், மருந்து, மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டி, வந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 'ஒருவருக்கு ஆன செலவு' வந்துவிடும். தொகை குறைந்தால் நிலையம் சிக்கனமாக நடக்கிறது என்கிறார்கள். வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அது ஊர்ப் பக்கம் இருந்தால், சேரியில் இருப்பவர் நடந்தோ பஸ் ஏறியோ போக வேண்டும். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான். போன கூலியை யார் தருவது? புறநோயாளிகளைப் பார்ப்பது பகலில். நாம் கூலிக்குப் போவதும் பகலில்தான். 2024-25ல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். ஒரு நாள் வேலை போனால் இலவச மாத்திரைக்கு நாம் கொடுக்கும் விலை அது. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள், பக்கவாதம் வந்தபின் கடனாளி ஆகிறார்கள்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அரசுக்கு அது செலவு. நமக்குக் கூலி மிச்சம். இரண்டையும் சேர்த்து அளப்பதே சரியான அளவு.

அடுத்த கிராம சபையில் கேட்போம்: எத்தனை பேர் வந்தார்கள் என்பது இருக்கட்டும், நம் தெருவில் மாத்திரை கிடைக்காதவர்கள் எத்தனை பேர்?