கூப்பிட்டால் வரும் நாய்

ஃபீனிக்ஸ் பே எப்போதும் பரபரப்பான இடம். சுவராஜ் தீவுக்கும் ஷாஹீத் தீவுக்கும் கப்பல்கள் இங்கிருந்து புறப்படுகின்றன. லாரி வரும். ஆட்டோ வரும். மீன் கூடை வரும். மீன் வாசனைக்கு நாயும் வரும்.

கதவு திறந்ததும் நம் வீட்டு நாய் ஓடுகிறது. "வா, வா" என்று கத்துகிறோம். அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வண்டியில் அடிபட்டால் என்ன ஆகும்? அந்தமானின் உப்பங்கழிகளில் முதலைகள் உண்டு. நாய் தண்ணீரில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமை முட்டையிடும் கடற்கரைகளில் நாய்கள் மணலைத் தோண்டி முட்டைகளைத் தின்கின்றன. கூப்பிட்டதும் வரும் நாய் தானும் பிழைக்கும். பிற உயிரையும் அழிக்காது.

நாய்க்கு இதைக் கற்றுத்தர முடியுமா? முடியும். முன்பு அந்தமான் பழங்குடி மக்களிடம் நாய் கிடையாது. 1858-இல் ஆங்கிலேயர் இங்கே குடியேற்றம் அமைத்தார்கள். அதன் பிறகே அவர்களுக்கு நாய் கிடைத்தது. விரைவில் அது பன்றி வேட்டைக்குத் துணையானது. நாய் மனிதரிடம் எளிதில் பழகும்.

எப்படிக் கற்கிறது? பாவ்லோவ் என்பவர் ரஷ்ய நாட்டு விஞ்ஞானி. 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் ஓர் ஒலியை எழுப்பிவிட்டு நாய்க்கு உணவு கொடுத்தார். பலமுறை இப்படிச் செய்தார். பிறகு ஒலி கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறியது. "வா" என்பதும் நாய்க்கு ஓர் ஒலிதான். அந்த ஒலிக்குப் பின் நல்லது நடந்தால் வரும். அடி விழுந்தால் வராது.

நாயின் பெயர் மணி என்று வைத்துக்கொள்வோம். இப்படிப் பழக்குங்கள்.

1. முதலில் வீட்டுக்குள் தொடங்குங்கள். இரண்டு அடி தள்ளி நின்று, "மணி, வா!" என்று ஒரே ஒரு முறை மகிழ்ச்சியாகக் கூப்பிடுங்கள். வந்ததும் முள் எடுத்த மீன் துண்டு ஒன்று கொடுங்கள். நகம் அளவு போதும். தட்டிக் கொடுங்கள்.

2. நன்றாக வரத் தொடங்கியதும் முற்றத்துக்குப் போங்கள். கழுத்துப் பட்டையில் நீளமான கயிறு கட்டுங்கள். வராவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். துரத்தவும் வேண்டாம். துரத்தினால் விளையாட்டு என்று நினைத்து ஓடும். நீங்கள் பின்னால் நடங்கள். அது உங்களைத் தேடி வரும்.

3. பிறகு ஆட்களும் வேறு நாய்களும் இருக்கும் இடத்தில் பழக்குங்கள். முதலில் சற்றுத் தள்ளி நில்லுங்கள். கயிறு கையில் இருக்கட்டும்.

4. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். அப்பா "வா" என்றும் பிள்ளைகள் "இங்கே" என்றும் சொன்னால் நாய் குழம்பும்.

5. குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ "வா" என்று கூப்பிடாதீர்கள். நீங்களே போய் அழைத்து வாருங்கள். கூப்பிட்டு வந்த நாயைச் சில முறை மீண்டும் விளையாட விடுங்கள். வந்தால் ஆட்டம் முடிந்தது என்று அது நினைக்கக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். நாய் ஒரு மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வருகிறது. நமக்குக் கோபம் வருகிறது. அடிக்கிறோம். ஓடியதற்காக அடித்தோம் என்று நாய்க்குப் புரியாது. திரும்பி வந்ததற்காக அடித்தோம் என்றே அது எண்ணும். அடுத்த முறை கூப்பிட்டால் தயங்கும். எவ்வளவு தாமதமாக வந்தாலும் அடிக்காதீர்கள்.

நன்றாகப் பழகிய நாயையும் கப்பல் துறை அருகே கயிறில்லாமல் விடாதீர்கள். தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருநாள் வண்டி வரும் நேரத்தில் உங்கள் ஒரு சொல் அதன் உயிரைக் காக்கும்.