நனோ கம்பியில் பிறக்கும் ஒளி
எல்ஈடி எனப்படும் ஒளிகாலும் இருவாயியின் புதிய வடிவங்களுள் ஒன்று நனோ கம்பி எல்ஈடி. தலைமயிரைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய காலியம் நைத்திரைட்டுக் கம்பிகள் சிலிக்கன் தகட்டின் மேல் செங்குத்தாக வளர்க்கப்படுகின்றன. கம்பியின் உட்பகுதியில் இலத்திரன்கள் மிகுதி. சுற்றியுள்ள உறையில் இலத்திரன் இல்லாத இடங்களாகிய நேர்மின் துளைகள் மிகுதி. மின்னழுத்தம் கொடுத்ததும் அடித்தகட்டிலிருந்து இலத்திரன்களும், மேலுள்ள ஒளிபுகும் மின்வாயிலிருந்து துளைகளும் உட்செல்கின்றன. நடுவே, இந்தியம் என்ற உலோகம் கலந்த மென்படையில் இரண்டும் சேரும்போது சக்தி ஒளியாக வெளிப்படுகிறது. இந்தியம் கூடக்கூட நீல ஒளி பச்சைக்கும் சிவப்புக்கும் மாறும். கம்பி ஒடுக்கமானதால் பளிங்கின் தகைப்பு பக்கங்களில் தளர்ந்து குறைபாடுகள் குறைகின்றன. இத்துறையில் உலகறிந்த ஆய்வாளர், ஆந்திரத்தில் பிறந்து அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் நனோ கம்பிகளை ஆராய்ந்த பேராசிரியர் சென்னுபதி ஜகதீஷ்.