கிளைடருக்குக் காது வைத்தவர்கள்

பெரும்பாலான கிளைடர்களுக்கு இன்ஜின் கிடையாது. வெயிலில் சூடான தரையிலிருந்து மேலெழும் காற்றுதான் அவற்றைத் தூக்குகிறது. விமானிகள் இதைத் 'தெர்மல்' என்பார்கள். நல்ல தெர்மல் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைத்த ஒன்றிலேயே நாலைந்து கிளைடர்கள் நெருங்கி வட்டமடிக்கும். வெள்ளை நிறம், மெலிந்த உடல். நேரெதிரே வந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் இப்படி மோதிப் பலர் இறந்தார்கள். அதைத் தடுக்க 2004-இல் சுவிட்சர்லாந்தில் உருவான கருவிதான் 'ஃபிளார்ம்'.

ஜிபிஎஸ் மூலம் தன் இருப்பிடத்தை அறிந்து, அடுத்த சில விநாடிகளில் போகப்போகும் பாதையையும் கணித்து, ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை ரேடியோவில் அது அறிவிக்கிறது. பிற கிளைடர்களின் பாதை தன் பாதையோடு முட்டினால் விளக்கும் ஒலியும் எச்சரிக்கும். வெறும் தூரத்தை மட்டும் அளந்தால் தெர்மலில் அது ஓயாமல் கத்தும். யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வளைந்து செல்லும் பாதையையும் கணிப்பதால், மோதும் ஆபத்து இருந்தால் மட்டுமே குரல் கொடுக்கிறது.

ஆனால் இதன் ரேடியோ சக்தி செல்போனைவிடக் குறைவு. ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இதன் ஆன்டெனா ஒரு சாண்கூட இருக்காது. அதனால் அதை எங்கே பொருத்துகிறோம் என்பது முக்கியம். கிளைடர் மன்றங்களில் தொண்டு செய்யும் ஓய்வுபெற்ற ரேடியோ பொறியாளர்கள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறார்கள். கண்ணாடி இழை உடல் ரேடியோ அலைக்கு வழிவிடும். மின்சாரம் பாயக்கூடிய கார்பன் இழை மறித்துவிடும். கார்பன் மூக்குக்குள் ஆன்டெனாவைப் புதைத்தால், கருவி நன்றாக இயங்குவதுபோலத் தெரியும். ஒரு திசையில் மட்டும் செவிடாக இருக்கும். பொறியாளர் பறப்புப் பதிவை எடுத்து, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் கேட்டது என்று வரைபடம் போட்டுப் பார்க்கிறார். வட்டமாக விரிய வேண்டிய கோடு ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தால், ஆன்டெனாவைக் கருவிப்பலகையின் மேலே, உலோகத்தை விட்டு விலக்கி, செங்குத்தாக நிறுத்துகிறார்.

தரையிலும் அவருக்கு வேலை உண்டு. டிவி பார்க்கப் பயன்படும் யுஎஸ்பி ஏற்பி, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, கூரைமேல் ஓர் ஆன்டெனா ஆகியவற்றைக் கொண்டு தன்னார்வலர்கள் ஃபிளார்ம் சிக்னல்களைத் தரையில் பிடிக்கும் 'ஓப்பன் கிளைடர் நெட்வொர்க்'கை நடத்துகிறார்கள். மெல்லிய கேபிளைப் பத்து மீட்டர் இழுத்தால் வந்த சிக்னலில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். கிளைடர் ஒன்று திரும்பி வராதபோது, எங்கே தேடுவது என்பதை இந்த ஏற்பிகளில் பதிவான கடைசிச் சிக்னல் சொல்லும்.

ரேடியோவில் தன்னை அறிவிக்காத விமானத்தை ஃபிளார்ம் அறியாது. விமானியின் கண்ணுக்கு ஓய்வில்லை. பொருத்திய கருவியாவது எல்லாத் திசையிலும் கேட்க வேண்டுமே! ஆண்டுச் சோதனையில் அந்த வரைபடத்தையும் பார்ப்பதை ஒவ்வொரு மன்றமும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.